‘ம்’ சொல்ல அனுமதி

கருக்கம்பாளையம் தாலுகா போர்டு ஆபீசில் சித்திரை தொடங்கி ஆனி முடிய ஒருவரும் வாயைத் திறக்காமலே ரோடு போட்டோம், கிணறு வெட்டினோம், இரண்டு பாலம் கட்டினோம், அதில் ஒன்றை இடித்தோம், நடுவில் ஒருவரோடு ஒருவர் ஜென்மப் பகை கொண்டு மறுபடி ராசியும் ஆகிவிட்டோம் என்று மருதாசலம் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அதனால் கேட்கிறவர்கள் அவருடைய பங்கையும் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

சிரிக்கவும் செய்யாமல், நம்பவும் செய்யாமல் இருந்தவர் ஒருவர் உண்டு. தண்டாயுதபாணி. நாமக்கல்லுக்குத் தெற்கே பெரிய பண்ணையம். காங்கேயம் காளைகள், ஏற்றம் இறைக்க வற்றாத கிணறு, யார் எதைச் சொன்னாலும் நம்பாத குணம் எல்லாம் வேண்டிய மட்டும் உடையவர். சேவல் கூவினால்கூட எழுந்து கிழக்கே பார்த்துவிட்டுத்தான் விடிந்ததை ஒப்புக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருடைய மகனுக்குத்தான் மருதாசலத்தின் பெண் ராஜம்மாளை நிச்சயம் செய்திருந்தார்கள். ஆனியில் முகூர்த்தம். ஆடி பிறந்துவிட்டால் எதுவும் நடவாது.

மருதாசலம் அந்த ஆபீசில் ரோடு செக்‌ஷன் குமாஸ்தா. பேசாமல் இருந்தால் சோறு செரிக்காத ஜாதி. அவரும் பக்கத்து நாற்காலிக் கந்தப்பனும் ஒரே மேஜை, ஒரே மைக்கூடு, ஒரே வெற்றிலைப் பெட்டி. காலையில் தொடங்கும் பேச்சு சாயங்காலம் வரைக்கும் மைக்கூட்டுக்கு மேலேயே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். இடையில் வேலையும் நடக்கும்.

அது உப்புக் காய்ச்சிய கலாட்டா அடங்கிய மறு வருஷம். ஊரெல்லாம் சர்க்கார் போடும் வாய்ப்பூட்டு உத்தரவை எதிர்த்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ஆபீஸ் மானேஜர் சுவாமிநாதன் சென்னைப் பட்டணத்தில் ஏதோ மகாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனுஷராகத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கொள்கை இருந்தது.

மறுநாளே கண்ணாடிச் சட்டம் போட்ட உத்தரவு ஒன்று சுவரில் ஏறிற்று. எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக இங்கிலீஷில் எழுதியிருந்தது. சாரம் இதுதான்: இனிமேல் இந்த ஆபீசில் ஊழியருக்கும் ஊழியருக்கும் இடையே வாய்ப்பேச்சு கிடையாது. எதுவானாலும் சீட்டில் எழுதி, சேவகன் காத்தான் மூலமாகத் தபால் குமாஸ்தாவிடம் அனுப்பி, முத்திரை வாங்கி, பிறகுதான் உரியவருக்குச் சேர வேண்டும். பொதுஜனங்கள் பேசலாம். பதில் தபாலில் வரும்.

திங்கட்கிழமைதோறும் மானேஜர் இதை விளக்கிப் பிரசங்கம் செய்தார்.

“பேச்சு என்பது என்ன? காற்று. காற்றுக்குத் தேதி உண்டா, நம்பர் உண்டா? நாளைக்கு ஒரு தப்பு நேர்ந்தால் அதை யார் தலையில் கட்டுவது? நீங்கள் வாயால் சொல்லிவிட்டால் நான் கேட்டேன் என்று ஆகிவிடுகிறது. எழுதிக் கொடுத்தால் நான் இன்னும் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஆபீசில் இதுவரை என் கையெழுத்தில் ஒரு தப்பாவது நடந்ததுண்டா? கிடையாது. ஏன்? நான் கையெழுத்தே போடுவதில்லை.”

இப்படி அவர் ஒரு மணி நேரம் பேசுவார். ‘இப்போது தாங்கள் செய்வது வாய்ப்பேச்சு ஆகாதா?’ என்று கந்தப்பன் ஒரு சீட்டு அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமை பதில் வந்தது: ‘ஆகாது. பேச்சுக்குப் பதில் உண்டு. பிரசங்கத்துக்குப் பதில் கிடையாது.’

அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லி முடியாது. மருதாசலத்துக்கு மை வேண்டுமானால் கந்தப்பனுடைய முழங்கையை ஒட்டி இருக்கிற மைக்கூட்டுக்கு ஒரு சீட்டு எழுதுவார். காத்தான் அதை வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் போய், முத்திரை குத்திக்கொண்டு, மறுபக்கமாக வந்து கந்தப்பனிடம் நீட்டுவான். கந்தப்பன் ‘எவ்வளவு மை, எந்தக் காரியத்துக்கு’ என்று கேட்டு எழுதுவார். மருதாசலம் பதில் எழுதலாம் என்றால் பேனாவில் மை இருக்காது.

யாராவது தும்மினால் ‘நூறு வயசு’ என்று சொல்ல வேண்டுமே, அதுவும் எழுத்தில்தான். திங்கட்கிழமை போட்ட தும்மலுக்கு வியாழக்கிழமை ஆயுள் வந்து சேரும். நடுவில் மனுஷன் போயிருந்தால் சீட்டு ‘உரியவர் இல்லை’ என்று திரும்பியிருக்கும். நல்ல காலம், அப்படி நேரவில்லை.

ரோட்டு வேலையில்தான் இந்த முறை ரொம்பப் பிரகாசித்தது. கல் உருளையை இழுக்கிற மாட்டுக்காரர்களும் போர்டு ஊழியர்களே என்று மானேஜர் கண்டுபிடித்தார். ஆகவே மேஸ்திரி ‘நிறுத்து’ என்று கூவக் கூடாது. எழுதிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி எழுதி, சீட்டு ஆபீசுக்குப் போய், முத்திரை வாங்கித் திரும்பி வருகிற வரைக்கும் மாடுகள் நடந்துகொண்டே இருந்தன. பின்னால் ஜல்லி போடுகிறவர்களும், நிறுத்தச் சொல்லி எழுத்து மூலம் வராததால், போட்டுக்கொண்டே போனார்கள். ரோடு போர்டு எல்லையைத் தாண்டி, ஒரு சோளக்காட்டைத் தாண்டி, யாரோ ஒருவருடைய களத்துமேட்டில் போய் முடிந்தது. திட்டத்துக்கு மேல் ரோடு போட்டதற்காக மானேஜருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. சோளக்காட்டுக்காரர் ஆபீசுக்கு வந்து கத்தினார். பொதுஜனம் பேசலாம் என்பதால் ஒருவரும் தடுக்கவில்லை.

வைகாசி கடைசியில், முகூர்த்த நாளைப் பேசி முடிக்கத் தண்டாயுதபாணி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். சம்பந்தி வேலை செய்கிற இடத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார். வாழைத்தாரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே ஆள் நிறைய இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. சாவு வீட்டில்கூட யாராவது மூக்கைச் சிந்துவார்கள்.

மருதாசலம் எழுந்து கை கூப்பினார். வாய் திறக்கவில்லை. தண்டாயுதபாணி பொதுஜனம்தான்; ஆனால் ஆபீசுக்குள் பொதுஜனத்துக்குப் பதில் தபாலில்தானே. மருதாசலம் கண்ணாலும் புருவத்தாலும் வரவேற்பு சொன்னார். பிறகு, தான் எழுந்து வெளியே போக உத்தரவு கேட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

தண்டாயுதபாணி பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து நாற்காலிக்காரர் மருதாசலத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எதிர் மேஜைக்காரர் அவரைக் கடந்து போனார், ஒரு சொல் இல்லை. ஒருவன் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு போனான், அவனும் பேசவில்லை.

அவர் மெதுவாகக் கந்தப்பன் பக்கம் குனிந்தார்.

“ஏனுங்க, எங்க சம்பந்தியோட நீங்க ஒரு பழமை, ஒரு வார்த்தை பேசறதில்லீங்களா?”

கந்தப்பன் இல்லையென்று தலையாட்டினார்.

“ஆரும் பேசறதில்லீங்களா?”

அதற்கும் தலையாட்டல்.

“எதுக்குங்க? என்ன தப்புப் பண்ணிப்போட்டாருங்க?”

கந்தப்பன் சுவரில் தொங்கிய உத்தரவைக் கையால் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து, கீழே பெரிய முத்திரை. தண்டாயுதபாணிக்குப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் ஊர்ப் பஞ்சாயத்தில் எத்தனையோ பேரை ஒதுக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். சிலரை அவரே முன்னின்று ஒதுக்கியும் இருக்கிறார். நெருப்பு, தண்ணீர், பேச்சு மூன்றும் இல்லை என்று கட்டு விதித்துவிட்டால் ஊர் இப்படித்தான் இருக்கும். இங்கே சர்க்காரே முத்திரை குத்திக் கட்டு விதித்திருக்கிறது. அவர் வெளியே வந்து வாழைத்தாரைத் தூக்கி மறுபடி வண்டியில் வைத்தார்.

மருதாசலத்துக்கு வெளியே போக அனுமதி வந்தபோது ஆபீஸ் முடிந்திருந்தது. பொழுதோடு வீட்டுக்கு ஓடினார். தண்டாயுதபாணி வாசலில் வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். மருதாசலத்தின் மனைவி பாவாயி சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் வாங்கவில்லை.

“இறங்குங்க சம்பந்தி. ஆபீசுல பேச முடியாமப் போச்சுதுங்க. அது அங்க ஒரு உத்தரவுங்க,” என்று மருதாசலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மைக்கூடு, தும்மல், ரோடு, சோளக்காடு.

தண்டாயுதபாணி முழுக்கக் கேட்டார்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க.”

“என்ற வயசுக்கு எத்தனையோ பொய் கேட்டிருக்கறனுங்க. மாடு வாங்கப் போற பக்கமெல்லாம் அதுதானுங்க. ஆனாப் பாருங்க, அதுல எல்லாம் ஒரு அளவு இருக்குமுங்க. படிச்சவங்க பத்துப் பேரு ஒரு ஊட்டுல உக்காந்துக்கிட்டு, வாய் இருந்தும் பேசாம, காயிதத்துல எழுதிக் குடுத்துக்குவாங்களாமா? பைத்தியக்கார ஆசுபத்திரியில கூட அப்பிடி இல்லீங்க.”

“சத்தியமா நெசமுங்க.”

“உங்களை ஒதுக்கி வெச்சுப்போட்டாங்க. என்ன காரணம்னு நான் கேக்கலீங்க. ஆரும் பேசாத ஊட்டுல நாங்க எப்பிடிங்க பொண்ணு எடுக்கறது? நாளைக்கு எங்களோடயும் பேச மாட்டாங்க.”

பாவாயி சொம்பைக் கீழே வைத்தாள். “அண்ணா, புள்ளைக்குத் தாலிக்கொடி வரைக்கும் எடுத்தாச்சுங்க. இப்பப் போயி இப்பிடிச் சொன்னா அவ எங்கீங்க போவா?”

தண்டாயுதபாணி கொஞ்சம் இளகினார். கையில் பிடித்திருந்த மாட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். “சரிங்க. அவ மொகத்துக்காக ஒண்ணு சொல்றனுங்க. உங்க ஆபீசுப் பெரியவரு என்ற முன்னால உங்களப் பாத்து வாய் தொறந்து ஒரு வார்த்தை பேசட்டும். எந்த வார்த்தையானாலும் செரி. பேசிட்டாருன்னா கல்யாணம். இல்லீன்னா, நாம பழையபடி ரண்டு ஊருங்க.”

வண்டி போய்விட்டது.

“ஒரு வார்த்தைதானுங்களே,” என்றாள் பாவாயி. “போய்க் கேளுங்க. மனுசன்தானே அவரும்.”

“மனுசன்தான். ஆனா மானேஜரு,” என்றார் மருதாசலம்.

ஆபீசுக்கு வெளியே பிடித்தால் பேசுவார் என்று பாவாயி யோசனை சொன்னாள். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மானேஜர் கத்திரிக்காய் வாங்குவது வழக்கம். மருதாசலம் செல்லாயியின் காய்க்கடை முன்னால் போய் நின்றார். மானேஜரும் வந்தார். இரண்டு பேர் தலையும் ஒரே கூடைக்கு மேல் குனிந்தன.

“சார்,” என்றார் மருதாசலம்.

மானேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சீட்டு எடுத்து, ‘ஊழியர் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் ஊழியரே’ என்று எழுதி, அதைச் செல்லாயியிடம் கொடுத்தார். செல்லாயி அதை வாங்கிக் கத்திரிக்காய்க்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“ரண்டு பேருக்கும் சண்டையாக்கும்,” என்றாள். “சண்டை போட்டவங்களுக்கு நான் கொசுறு குடுக்கறதில்லீங்க சாமி. நல்லாப் பேசிக்கிட்டு வாங்க.”

இனி வழி ஒன்றுதான். மருதாசலம் மனு எழுதினார். பொருள்: அடியேனிடம் ஒரு வார்த்தை பேசுமாறு கோருதல்.

ஆபீசுக்கு அப்படியொரு வேலை அதுவரை வந்ததில்லை. எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். முதலில் ‘இதற்கு முன்னுதாரணம் உண்டா’ என்று கேள்வி வந்தது. பிறகு ‘எந்த வார்த்தை, எவ்வளவு உரக்க, நின்றபடியா உட்கார்ந்தபடியா’ என்று வந்தது. எதற்காக என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ‘இவருக்கு ஒரு வார்த்தை கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே’ என்று தபால் குமாஸ்தா குறிப்பு எழுதினார். ‘எனக்கும் ஒன்று வேண்டும்’ என்று காத்தான் கைநாட்டு வைத்தான்.

மருதாசலம் ‘சௌக்கியமா’ என்ற வார்த்தையைப் பிரேரேபித்தார். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதிலுக்கு அனுமதி கோரவில்லை என்று அடித்துவிட்டார்கள். ‘மழை வரும்’ என்றார். வராவிட்டால் போர்டு பொறுப்பேற்க நேரும் என்றார்கள். ‘சரி’ என்றார். எதற்குச் சரி என்று பின்னால் ஆடிட்டர் கேட்பார் என்றார்கள். ‘ஆகட்டும்’ என்பதைப் போர்டு வக்கீலின் அபிப்பிராயத்துக்கு அனுப்பினார்கள். அது ஒரு வாக்குறுதி என்றும், நிறைவேற்றாவிட்டால் வழக்குத் தொடுக்க இடம் உண்டு என்றும் அவர் எழுதிவிட்டார்.

இதற்கிடையில் ஆனி பாதி போய்விட்டது. வீட்டில் ராஜம்மாள் தாலிக்கொடிப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எப்படியும் நடந்துவிடும் என்று நம்பி மருதாசலம் மஞ்சள் தடவிய கல்யாணக் கடுதாசியையும் ஆபீஸ் முறைப்படி, ஒவ்வொருவருக்கும் காத்தான் மூலமாக அனுப்பி வைத்தார். மானேஜருக்கு அனுப்பியதில் வழக்கமான குறிப்பும் எழுதினார்: ‘தாங்கள் குடும்ப சகிதம் வருகை தருவது பரிசீலனைக்கு.’

கடைசியில் அனுமதி வந்தது. பொருள் இல்லாதது, பொறுப்பு இல்லாதது, பதில் வேண்டாதது என்ற மூன்று தகுதியும் உள்ள ஒரு சொல்லைத் தேடிப் போர்டு கண்டுபிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை மானேஜர் மருதாசலத்தை நோக்கி ஒரு முறை ‘ம்’ என்று சொல்லலாம்.

தண்டாயுதபாணிக்கு ஆள் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்து வாசல்படியில் நின்றார். மானேஜர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அனுமதிச் சீட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். மருதாசலம் எதிரே வந்து நின்றார்.

“ம்,” என்றார் மானேஜர். சீட்டின் மூலையில் இனிஷியல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தண்டாயுதபாணி இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

“இதானுங்களா?” என்றார். “காயிதத்தப் பாத்துக்கிட்டு மூக்கால ஒரு சத்தம். என்ற ஊட்டு எருமை இதைவிட நல்லாப் பேசுமுங்க. அதும் காயிதம் பாக்காது.” மருதாசலத்தைப் பார்த்தார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. “மனசுல வெச்சுக்காதீங்க. உங்களை நல்லா ஒதுக்கிப்போட்டாங்க. நான் வாரனுங்க.”

திரும்பி நடந்தார். மருதாசலம் வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் பெண்ணின் கல்யாணம் போகும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மானேஜருக்கு இந்தப் பொதுஜனம் ஏன் இப்படிப் பேசிவிட்டுப் போகிறார் என்று விளங்கவில்லை. ‘இவர் யார், என்ன விஷயம்’ என்று ஒரு சீட்டு அனுப்பினார். மருதாசலம் எழுதினார்: ‘சம்பந்தி. என் மகள் கல்யாணம் நின்றுபோயிற்று. கல்யாணக் கடுதாசி ஏற்கெனவே தங்கள் மேஜைக்கு அனுப்பியாயிற்று.’

காத்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். மானேஜர் படித்தார். மேஜைமேல் மலைபோல் கிடந்த கட்டைக் கிளறினார். அடியிலிருந்து மஞ்சள் தடவிய கடுதாசி வெளியே வந்தது. மஞ்சளுக்கு மேலேயே ஆபீஸ் முத்திரை. அவர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ‘பரிசீலனைக்கு’ என்ற வார்த்தையில் கண் நின்றது. காது மடல் சிவந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“ஏய்யா மருதாசலம்,” என்றார்.

அவர் பிறந்து வளர்ந்த ஆத்தூர்ப் பக்கத்துக் குரல், நல்ல கணீரென்ற குரல். பிரசங்கத்தில் கேட்ட குரலே இல்லை.

“ஆறு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்கோம். உம் பொண்ணு கல்யாணம். ஒரு தட்டுல வெத்தல பாக்கு வச்சு, நீயும் ஒஞ் சம்சாரமும் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு, ‘வாங்க’ன்னு வாய் நெறைய ஒரு வார்த்த கூப்பிட மாட்ட? காயிதத்துல கூப்பிட்டா எவன்யா வருவான்? எம் பொண்டாட்டி கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சேவகன் கொண்டாந்து போட்டான், முத்திர குத்தியிருந்துதுன்னா? கேவலமா இல்ல? நான் என்ன மனுஷன் இல்லையா?”

வாசல்படியில் தண்டாயுதபாணி நின்றுவிட்டார்.

மருதாசலத்தின் தொண்டை அத்தனை நாள் ஆபீசில் உபயோகப்படாமல் கிடந்து துருப்பிடித்திருந்தது. முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, “வாங்க சார்,” என்றார். “அம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கண்டிப்பா வரோணுமுங்க.”

“வராம? பந்தியில மொத எல எனக்குத்தான் போடணும், சொல்லிப்புட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே மானேஜர் திரும்பினார். எதிரே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அவருடைய உத்தரவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். முகம் வேறு முகமாகிவிட்டது. ஒரு சீட்டு எடுத்தார். எழுதினார். மணியடித்தார். காத்தான் வாங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் போனான். தபால் குமாஸ்தா முத்திரை குத்தினார். காத்தான் மறுபக்கமாகச் சுற்றி வந்து அதே சீட்டை மானேஜரிடமே நீட்டினான். மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதற்கு முன் பார்த்தே அறியாததைப் பார்க்கிறவர்போல வாசித்தார். ‘ஆபீஸ் நேரத்தில் உரக்கப் பேசியதற்குச் சமாதானம் கூறவும்.’ யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் அவர் முகம் சுருங்கிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினார். பதிலும் காத்தான் கையில் ஊர்வலம் போய்த் திரும்பி வந்தது. ‘பேசியது உண்மை. காரணம்: மருதாசலம்.’ மானேஜர் அதைப் படித்துப் பார்த்தார். சமாதானம் திருப்திகரமாக இருந்ததாகத் தெரிகிறது. ஓரத்தில் இனிஷியல் போட்டு, மருதாசலத்துக்கு ஒரு மெமோவும் எழுதிவிட்டு, அடுத்த கட்டை அவிழ்த்தார்.

தண்டாயுதபாணி படியைவிட்டு நகரவில்லை. கடைசிச் சீட்டு போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெளியே போக உத்தரவு கேட்கச் சீட்டைத் தேடிய மருதாசலத்தின் தோளைப் பிடித்து வெளியே வண்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாடுகள் கால் மாற்றி நின்றன. வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து முகத்தைக் கழுவிக்கொண்டார். மேல்துண்டால் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

“சம்பந்தி.”

“சொல்லுங்க.”

“அவரே எழுதி, அவரே குடுத்தனுப்பி, அவரே வாங்கிப் படிச்சு, அவரு மேலயே கோவிச்சுக்கிட்டாருங்களே?”

“ஆமாங்க.”

தண்டாயுதபாணி ஆபீஸ் வாசலை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“முகூர்த்தத்துக்குப் பந்தக்கால் நட ஆளை வரச் சொல்லிப்போடுங்க,” என்றார். “நீங்க சொன்னதெல்லாம் நடந்துதுங்க. நானே என்ற கண்ணால பாத்துட்டனுங்க.”